சுன்னாகத்து நாய்

எங்கள் வீட்டு நாய் சுன்னாகத்து நாய் என்று நான் ஊரெல்லாம் சொன்னது பொய். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்லலாம் என்று வைத்தால் சொல்லாமலே விட்டுவிடக்கூடிய ஆள் நான்.

இலங்கையிலிருந்து வந்தது என்பது உண்மை. ஊசிகள் போட்டு, தோலுக்கடியில் சில்லு வைத்து, கூண்டில் அடைத்து விமானத்தில் ஏற்றி, இங்கே இறங்கியதும் தனிமைக் கூடத்தில் வைத்திருந்து, கடைசியில் மலாக்கா பக்கம் அலோர் காஜாவில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. ஆனால் அது யாழ்ப்பாணத்தைக் கண்ணால் கண்டதில்லை. மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளைச் சுற்றித் திரிந்த தெருநாய். காட்டுப்பன்றிக்கு யாரோ கட்டிய சுருக்குக் கம்பியில் பின்னங்கால் மாட்டிக் கிடந்ததை, அங்கே ஓர் உதவி நிறுவனத்தில் வேலை செய்துகொண்டிருந்த என் மகள் கண்டெடுத்து, மருந்து போட்டு, தன் அறையில் வைத்துக்கொண்டாள். அங்கே வேலை முடிந்து அவள் ஐரோப்பாவுக்கு மாற்றலாகிப் போக வேண்டி வந்தபோது, நாயை என்ன செய்வது என்ற கேள்வி எங்கள் தலையில் விழுந்தது.

"அம்மா, அது தோட்டத்து நாய். லயத்துப் பிள்ளையளோட வளர்ந்தது. ஆக்கள் இருக்கிற வீடு எண்டாப் போதும்" என்றாள் தொலைபேசியில். அவள் தெளிவாகத்தான் சொன்னாள். எனக்கும் தெளிவாகத்தான் கேட்டது.

"இங்க பாசார் பக்கம் போனா காலுக்குள்ள நாய்தானே. அங்கயிருந்து ஒண்டைக் கொண்டுவர வேணுமோ?" என்றேன். அவள் அழுதாள். பக்கத்திலிருந்த இவர், என் வீட்டுக்காரர், தொலைபேசியை வாங்கி, "அனுப்பு பிள்ளை" என்று சொல்லி முடித்துவிட்டார். இவர் எதையும் அப்படித்தான் முடிப்பார். பிறகு குளிப்பாட்டுகிற வேலை என்னுடையது.

நாய் வருவதற்கு முன்பே பொய் வந்துவிட்டது. ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து, மலாக்கா டவுனில் எங்கள் தேவாலயத்துக்குப் பின்புறம் நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். நாய் வரப்போகிற கதையை இவர் யாரிடமோ சொல்லிவைத்திருக்கிறார். எங்கள் ஆட்களில் மூத்தவர் ஒரு மாமி. கல்யாணமோ செத்தவீடோ, அவர் வாயைத் திறந்த பிறகுதான் நாங்கள் திறப்போம். அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கேட்டார்: "சிலோனில இருந்து நாய் வருதாம். எந்த ஊர்?"

இந்தக் கேள்வி புரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் பாட்டன்மார் வெள்ளைக்காரன் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே குமாஸ்தாக்களாகவும் ஸ்டேஷன் மாஸ்டர்களாகவும் வந்தவர்கள். எங்களில் முக்கால்வாசிப் பேர் அந்த மண்ணை மிதித்ததே இல்லை. ஆனாலும் புதிதாக யாரைக் கண்டாலும் முதல் கேள்வி, எந்த ஊர் என்பதுதான். வருகிற பதிலை வைத்து, யார், எவர், எந்த வீட்டில் கை நனைக்கலாம் என்பதெல்லாம் மனதுக்குள் முடிவாகிவிடும். ஒரு பதில் மட்டும் வரக்கூடாது. அதுதான் தோட்டம். தோட்டத்துக்குக் கூலியாக வந்தவர்கள் வேறு, நாங்கள் வேறு என்று சொல்லிச் சொல்லியே தலைமுறைகளை ஓட்டியிருக்கிறோம். அவர்களைக் குறிக்க எங்கள் வீடுகளில் ஒரு சொல் உண்டு. சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபம் செய்கிற அதே வாயால் அதைச் சொல்லுவோம். இங்கே எழுதக் கை கூசுகிறது.

இத்தனைக்கும் நான் பிறந்ததே தோட்டத்தில்தான். அப்பா ஜாசின் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பெரிய கிராணியாக, அதாவது ஆபீசில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்தார். கிராணி வீடு மேட்டில். லயங்கள் பள்ளத்தில். நாங்கள் தோட்டத்தில் இருந்தோம், ஆனால் தோட்டத்து ஆட்கள் இல்லை. இந்த வித்தியாசத்தை யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. எப்படியோ எனக்குத் தெரிந்திருந்தது.

மாமி கேட்டதும் தோட்டம் என்ற சொல் தொண்டை வரை வந்தது. சுற்றி நின்றவர்களைப் பார்த்தேன். அது அப்படியே திரும்பி உள்ளே போய்விட்டது.

"சுன்னாகம்" என்றேன். யாழ்ப்பாணத்தில், இவருடைய பாட்டனாரின் ஊர்.

மாமியின் முகம் மலர்ந்துவிட்டது. "அட, எங்கட பக்கம்தான்!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். இவர் தேநீர்க் கோப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார். காரில் ஏறிய பிறகுதான், "நாய்க்குமா ஊர் பாக்கிறாய்?" என்று கேட்டுச் சிரித்தார். ஒரு நாய்க்காக மாமியோடு நின்று மல்லுக்கட்டச் சொல்கிறீர்களா என்று நான் எரிந்து விழுந்தேன். குற்றம் நம் பக்கம் இருந்தால் எனக்குக் கோபம் முதலில் வரும்.

பொய் ஒன்றோடு நிற்கவில்லை. நாயின் படத்தைக் கைப்பேசியில் காட்டியபோது பின்னங்காலில் வளையம் போட்டதுபோலத் தழும்பு தெரிந்தது. இதென்ன என்று கேட்டார்கள். பன்றிச் சுருக்கு என்றால் காடு வரும், காடு என்றால் தோட்டம் வரும். "முள்கம்பி. சண்டை நடந்த காலத்துக் கம்பி இன்னும் அங்க கிடக்குதாம்" என்றேன். மாமியின் கண் கலங்கிவிட்டது. அடுத்த பெண்கள் கூட்டத்தில், போரில் அடிபட்ட எல்லாருக்காகவும், வாயில்லாத அந்தச் சீவனுக்காகவும் என்று சொல்லி ஜெபித்தார்கள். நானும் கண்ணை மூடிக்கொண்டு ஆமென் சொன்னேன். அந்த ஆமெனை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

பிறகு நாய் வந்தது. செம்மண் நிறம், ஒடுங்கிய முகம், காது ஒன்று நிமிர்ந்தும் ஒன்று மடிந்தும். பாசாரில் மீன்கடைக்குப் பின்னால் படுத்திருப்பதை அப்படியே தூக்கி வந்ததுபோல இருந்தது. கூண்டைத் திறந்ததும் நேரே காருக்கு அடியில் போய்ப் படுத்தது. நான் வாங்கி வைத்திருந்த தீனியை மோந்துகூடப் பார்க்கவில்லை. கோழி அவித்து வைத்தேன். மீன் அவித்து வைத்தேன். எறும்பு வந்ததுதான் மிச்சம். தண்ணீர் மட்டும் குடித்தது. இரவில் மகள் அழைத்து, "சாப்பிட்டுதா?" என்று கேட்பாள். கொஞ்சம் சாப்பிட்டது என்பேன். நாய் விஷயத்தில் எனக்குப் பொய் அந்த அளவுக்குப் பழகிப்போயிருந்தது.

அதற்கு விலா எலும்பு தெரியத் தொடங்கியது. மிருக வைத்தியர் ஊசி போட்டார், உடம்பில் ஒன்றுமில்லை என்றார், ஏங்குகிறது என்றார், இப்படியே விட்டால் தாங்காது என்றும் சொன்னார். நாயை நான் கேட்டு வாங்கவில்லைதான். ஆனால் என் கையில் செத்துப்போனால் மகள் என்னை மன்னிக்கமாட்டாள் என்று தெரியும்.

பக்கத்து வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள். நாற்பது தாண்டியவள். பெம்பான் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். அவள் வாயைத் திறந்தாலே எங்கள் ஆட்களுக்கு அது தெரிந்துவிடும். தோட்டத்தை வீடு கட்ட விற்ற பிறகு குடும்பம் இடம் மாறி, கல்யாணமாகி எங்கள் வரிசைக்கு வந்தாள். புருஷன் லோரி ஓட்டுகிறான். இவள் பத்து பெரண்டாமில் ஒரு பேக்டரியில் வேலை செய்கிறாள். விடிவதற்கு முன் பேக்டரி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும், சாயங்காலம் முச்சந்தியில் இறக்கிவிடும். நான் இடைநிலைப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் என்பதால் என்னை டீச்சர் என்பாள், நீங்க என்பாள். நான் அவளை நீ என்பேன். வேலிக்கு இந்தப் பக்கமிருந்து ஒரு சிரிப்பு, அந்தப் பக்கமிருந்து ஒரு சிரிப்பு, அதற்கு மேல் நான் வைத்துக்கொண்டதில்லை.

ஒரு சாயங்காலம் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். முச்சந்தியில் பேக்டரி பஸ் நின்று ஆட்கள் இறங்கினார்கள். காருக்கு அடியில் கிடந்த நாய் எழுந்து வந்து கேட்டோடு ஒட்டி நின்றது. வந்ததிலிருந்து அது தானாக எழுந்து நின்றது அன்றைக்குத்தான். பக்கத்து வீட்டுப் பெண் தோள்பையோடு வந்தவள், நாயைப் பார்த்து நின்றாள். "என்னாடா? பசிக்குதா?" என்றாள். பையிலிருந்து சாப்பாட்டு டப்பாவை எடுத்துத் திறந்து, அதில் இருந்த சோற்றைக் கேட்டுக்கு அடியில் இருந்த இடைவெளியில் தட்டினாள். வெறும் தரையில், குழம்புச் சோறு. நாய் ஒரு பருக்கை விடாமல் தின்றுவிட்டுத் தரையை நக்கியது.

எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்திருக்க வேண்டும். இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அதைவிட ஆத்திரம்தான் கூட இருந்தது. தட்டில் வைத்து, மண்டியிட்டுக் கெஞ்சினேன், என்னைத் திரும்பிப் பார்க்காத நாய் அவள் தரையில் கொட்டியதைத் தின்றது. இரண்டு மூன்று நாள் பொறுத்துக்கொண்டேன். நாய் பஸ் வருகிற நேரத்துக்கு முன்பே போய் நிற்கத் தொடங்கியது. அதன் பிறகு ஒருநாள் நானும் கேட்டுக்குப் போனேன்.

"இங்க பாரும்மா, எச்சில் சோறு குடுக்காதே. வெளிநாட்டுல இருந்து வந்த நாய். வயிறு ஒத்துக்காது" என்றேன்.

அவள் முகம் சுருங்கியது. "எச்சி இல்ல டீச்சர்" என்றாள் மெதுவாக. "மொத நாளு மட்டுந்தான் மிச்சம். அப்புறம் காலைல டப்பால சோறு போடறப்பவே இதுக்குன்னு ஒரு மூலைல தனியா வச்சுடறேன். அத தொடாமத்தான் நான் சாப்புடறது."

அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கலாம். "எண்டாலும் வேண்டாம். டாக்டர் சொல்லியிருக்கார்" என்றேன். வைத்தியர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. அவள் சரி டீச்சர் என்று டப்பாவை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு போனாள். அந்தச் சோற்றை அன்றைக்கு அவள் என்ன செய்தாளோ தெரியாது.

மறுநாளிலிருந்து அவள் எங்கள் கேட்டைக் கடக்கும்போது எதிர்ப்பக்கமாகப் பார்த்துக்கொண்டு நடந்தாள். நாய் கம்பிக்குள் மூக்கை நுழைத்து முனகும். அவள் நடையை இன்னும் வேகமாக்குவாள். நாய் மறுபடியும் காருக்கு அடியில் போய்ப் படுத்தது. மறுபடியும் தண்ணீர் மட்டும். எழுந்து நடந்தால் பின்னங்கால்கள் ஒன்றோடொன்று முட்டின. நான் விட்டுக்கொடுக்கவில்லை. பசித்தால் தின்னும் என்றேன். கடைசியில் இவர்தான் என்னிடம் ஒன்றும் சொல்லாமல் ஒரு சாயங்காலம் செருப்பை மாட்டிக்கொண்டு போய் அவள் வீட்டு வாசலில் நின்று ஏதோ பேசிவிட்டு வந்தார். அடுத்த நாள் அவள் கேட்டருகே நின்று, ஜன்னலைப் பார்த்தாள். நான் திரைச்சீலையை இழுத்துவிட்டேன். சம்மதம் என்று அவள் அதை எடுத்துக்கொண்டாள் போலிருக்கிறது. டப்பா திறக்கிற சத்தம் கேட்டது.

நாய் பிழைத்தது. காலையில் நான் வைப்பதையும் பிறகு தின்னத் தொடங்கியது. வால் ஆட்டியது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆட்கள் கேட்டபோது, "சிவப்பரிசிச் சோறும் மீனும்தான் குடுக்கிறன், அதுதான் தேறியிருக்கு" என்றேன். எங்கட ஊர்ச் சாப்பாடு எண்டா சும்மாவோ என்றார் மாமி.

கிறிஸ்மஸுக்கு மகள் வந்தாள். நாய் அவள்மேல் தாவி, அழுது, உருண்டு ஒரே கூத்து. அன்று சாயங்காலமே அவளும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் வேலிக்கு இரண்டு பக்கமும் நின்று பேசத் தொடங்கினார்கள். நான் சமையலறையில் இருந்தபடியே காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அங்கே இருக்கும்போது அந்த மக்களின் பேச்சு என் மகளுக்குத் தொற்றியிருந்தது. லயம் என்றாள் மகள், எங்க ஊர்லயும் லயந்தான் என்றாள் அவள். காலையில் ஆட்களை நிற்கவைத்து வேலை பிரிப்பதற்கு அங்கே பெரட்டு என்கிறார்கள் என்றாள் இவள். எங்க அம்மாவும் பெரட்டுக்குத்தான் ஓடுவாங்க என்று அவள் சிரித்தாள். மகள் கைப்பேசியில் படம் படமாகக் காட்டினாள். மலை, தேயிலைச் செடி, லயத்து வாசலில் பிள்ளைகளோடு நாய். கொழுந்து பறித்துவிட்டு வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு பிடி போடுவார்கள் என்றும், அவர்கள் வருகிற நேரத்துக்கு நாய் படியில் காத்திருக்கும் என்றும் சொன்னாள். "அதான் என் பஸ்ஸப் பாத்து நிக்குது" என்றாள் பக்கத்து வீட்டுப் பெண். இருவரும் அவ்வளவு சந்தோஷமாகச் சிரித்தார்கள். எனக்குக் கையில் இருந்த வெங்காயம் நழுவி விழுந்தது. நாய் எங்கிருந்து வந்தது என்று இந்தத் தெருவில் இப்போது ஒருத்திக்குத் தெரியும்.

மகளுக்கும் மறுநாளே என் கதை தெரிந்துவிட்டது. தேவாலயத்துப் பெண் ஒருத்தி, போரில் காயம்பட்ட நாய் எப்படி இருக்கிறது என்று அவளுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறாள்.

"அம்மா, என்ன இது? என்ன போர்?"

நான் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். கோபம் என்றால் தாங்கியிருப்பேன். அவள் எனக்காக வெட்கப்பட்டாள்.

"வாற கிழமை எல்லாரும் வீட்டுக்கு வருவினம். அது முடியட்டும், நானே சொல்லுறன்" என்று கெஞ்சினேன்.

"நான் பொய் சொல்லமாட்டன் அம்மா. ஆரும் கேட்டா வாயை மூடிக்கொண்டு இருக்கிறன். நீங்களே சொல்லுங்கோ" என்றாள்.

இங்கே பண்டிகை என்றால் வீட்டைத் திறந்துவைத்து வருகிற எல்லாருக்கும் சாப்பாடு போடுவது வழக்கம். எங்கள் ஆட்கள் வந்தார்கள். மாமி நடுக்கூடத்தில் மெத்தை நாற்காலியில் அமர்ந்தார். பக்கத்து வீட்டுப் பெண்ணையும் மகள் கூப்பிட்டிருந்தாள். புதுப் பஞ்சாபி உடையில், ஒரு டின் முறுக்கோடு வந்து, சமையலறைக் கதவோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். உள்ளே வந்து உட்கார் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அவள் அங்கேயே இருப்பது வசதியாக இருந்தது.

நாய் எல்லார் காலையும் மோந்துகொண்டு வந்து மாமிக்கு முன்னால் நின்றது. மாமி அதன் தலையைத் தடவினார். "பாருங்கோ, நிக்கிற நிலையிலயே தெரியுது எங்கட ஊர் எண்டு" என்றார். அதோடு விட்டிருக்கலாம். நான் எழுதக் கூசிய அந்தச் சொல்லைச் சொல்லி, அவர்களுடைய நாயென்றால் இப்படி நிற்குமா, சோற்றைக் கண்ட இடத்தில் பாயும் என்றார். கூடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். கதவோரத்தில் இருந்தவளுக்குக் கேட்காமல் இருக்க வழியில்லை. அவள் மடியில் இருந்த தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ சொல்லு பிள்ளை" என்று மாமி என் மகள் பக்கம் திரும்பினார். "சுன்னாகத்தில எவ்விடத்தில இது கிடந்தது?"

மகள் வாயைத் திறக்கவில்லை. என்னைப் பார்த்தாள். இவரும் என்னைப் பார்த்தார். தோட்டம் என்று ஒரு சொல். அதைச் சொன்னால் வீடு இடிந்துவிடாது. மாமி கொஞ்சநாள் முகத்தைத் தூக்கி வைத்திருப்பார், ஜெபக் கூட்டத்தில் நாலு பேர் கிசுகிசுப்பார்கள், அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று எனக்கு அப்போதே தெரியும். ஆனாலும் நான் மேசையில் இருந்த கேக்கை எடுத்துத் துண்டு போடத் தொடங்கினேன். யாரும் கேட்காத கேக். கூடத்தில் பேச்சு நின்று போயிருந்தது. மாமியின் புருவம் சுருங்கியது.

"அங்கதான் ஆச்சி" என்று கதவோரத்திலிருந்து குரல் வந்தது. "சுன்னாகத்துலதான். தங்கச்சி எனக்கு போட்டோ எல்லாம் காட்டுச்சு. ரோட்டோரம், பக்கத்துல பூரா பனமரமா இருந்துச்சு."

மாமி கையைத் தட்டினார். "பாத்தியளே! அந்தப் பக்கத்து வீட்டுப் பெட்டைக்கே தெரிஞ்சிருக்கு" என்றார். மறுபடியும் எல்லாரும் பேசத் தொடங்கினார்கள். நான் வெட்டிய கேக்கைத் தட்டில் வைத்து முதல் துண்டை மாமிக்குக் கொடுத்தேன். கதவோரத்துக்கு நான் போகவில்லை. மகள்தான் போனாள். அவள் அன்றிரவு என்னிடம் பேசவில்லை. பயணம் போகும்வரை தேவைக்கு மட்டும் பேசினாள்.

விடுமுறை முடிந்து பேக்டரி பஸ் ஓடத் தொடங்கிய முதல் சாயங்காலம் நான் நாயோடு கேட்டில் போய் நின்றேன். அவள் என்னைக் கண்டு தயங்கினாள். பிறகு வழக்கம்போல டப்பாவைத் திறந்தாள். நான் கேட்டைத் திறந்துவிட்டேன். இத்தனை நாளும் அவள் கேட்டுக்கு அடியில்தான் வைத்துக்கொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் உறைத்தது.

"அன்றைக்கு ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன். நீங்க என்று என் வாயில் வந்தது எனக்கே புதிதாக இருந்தது. அவளுக்கும் இருந்திருக்கும். முகம் சிவந்துவிட்டது.

"அட, அது ஒண்ணுல்ல டீச்சர். எனக்குப் பழக்கந்தான்" என்றாள். நாயின் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னாள். "செகண்டரி ஸ்கூல்ல மொத நாளு டீச்சர் ஒவ்வொருத்தரா நிக்க வச்சு எந்த எடம்னு கேட்டாங்க. தோட்டம்னு சொன்னேன். பின்னால போயி உக்காருன்னாங்க. அதுலேருந்து யாரு கேட்டாலும் பெம்பான் டவுன்னு சொல்லிருவேன். பேக்டரிலயும் இன்னிக்கி வரைக்கும் அப்படித்தான்லா. பொண்ணு பாக்க வந்தப்பகூட அப்பா அதைத்தான் சொன்னாரு. அதான் அன்னிக்குச் சட்டுன்னு வந்துருச்சு. ஒங்களுக்குப் பழக்கம் இல்லயா, மூஞ்சிலயே தெரிஞ்சு போச்சு. பாவமா இருந்துச்சு."

அந்த டீச்சர் நானில்லை. நான் வேறு பள்ளி. ஆனால் ஆண்டுத் தொடக்கத்தில் அதே கேள்வியை நானும் கேட்டிருக்கிறேன், பிள்ளைகளை எழுந்து நிற்கவைத்துத்தான். தோட்டத்து பஸ் தாமதமாக வரும், அதற்காகத் தெரிந்துகொள்கிறேன் என்று எனக்கு நானே காரணமும் வைத்திருந்தேன். எத்தனை பிள்ளைகள் என்னிடம் டவுன் என்று சொன்னார்களோ. அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நின்றேன். நான் வாயைத் திறப்பதற்குள், "சோறு ஆவல டீச்சர், அவரு வந்துருவாரு" என்று சொல்லிக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு, தேவாலயத்துக்குப் பின்னால், அதே இடத்தில், மாமி கோப்பையைக் கையில் எடுக்கும்வரை காத்திருந்தேன். எல்லாரும் இருக்கும்போது சொல்ல வேண்டும் என்று முடிவு பண்ணியிருந்தேன்.

"மாமி, அந்த நாய் சுன்னாகத்து நாய் இல்லை. மலைநாட்டுத் தோட்டத்து லயத்தில பிறந்தது. கால்ல இருக்கிறது பன்றிக்கு வைச்ச சுருக்குத் தழும்பு. நான் பொய் சொன்னனான்" என்றேன்.

மாமி ஒரு கணம் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "போம், பகிடி விடாதையும்!" என்றார். மற்றவர்களும் சிரித்தார்கள். நான் உண்மைதான் என்று இரண்டாம் தடவையும் சொன்னேன். இவரும் பக்கத்தில் வந்து, "உண்மைதான் மாமி" என்றார். இவர் வழக்கமாகக் கேலி பேசுகிறவர். அதனால் சிரிப்பு இன்னும் கூடியது.

"எனக்கே கதை விடுறியளோ?" என்று மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உங்கட பக்கத்து வீட்டுப் பெட்டை எல்லாருக்கும் முன்னால சொன்னவள்தானே, பனைமரம் நிண்டதெண்டு. தோட்டத்து நாயெண்டா தோட்டத்துப் பெட்டைக்குத் தெரியாமப் போகுமே? அவள் ஏன் பொய் சொல்லப் போறாள்?"

எல்லாரும் தலையாட்டினார்கள். எங்கள் ஆட்கள் அவளுடைய ஆட்களின் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லை மறுபேச்சில்லாமல் நம்பி நான் கண்டது அந்த ஒரு தடவைதான். அதுவும் எனக்காக அவள் சொன்ன பொய்.